இரண்டு மணிச் சங்கு

ஏழாங்கல்லில் சங்கு என்றால் நாலு அர்த்தம். பிறந்த பிள்ளைக்குப் பால் புகட்டுகிறது ஒரு சங்கு, செத்தவனுக்கு முன்னால் ஊதிக்கொண்டு போகிறது ஒரு சங்கு, கோபம் வந்தால் அறுத்துப்போடுவேன் என்று ஒருவரையொருவர் மிரட்டிக்கொள்கிற கழுத்துச் சங்கு ஒன்று, இவை மூன்றுக்கும் மேலாக, காலை ஆறுக்கும் மத்தியானம் ரெண்டுக்கும் ராத்திரி பத்துக்கும் நாற்பது விநாடி ஊதி ஊரை எழுப்பி, உலைவைக்கச் சொல்லி, படுக்கவும் சொன்ன கம்பெனிச் சங்கு. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு பிறப்பிலிருந்து சுடுகாடுவரை ஓட்டிவிட்ட சிக்கனமான ஊர் அது. கம்பெனியை மூடி, மெஷின்களை லாரி லாரியாக வடக்கே எங்கோ கொண்டுபோனபோது சங்கையும் கழற்றிக்கொண்டு போனார்கள்; அதற்கப்புறம் நாலு வருஷம் ஊரில் சோறு குழைந்தது, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் பிந்தினார்கள், பொழுது எப்போது விடிகிறது என்பதில் ஆளுக்கொரு கருத்து இருந்தது. அப்படியிருக்க, ஒரு தை மாசத்துச் செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு, தெருக்குழாயடியில் பல் விளக்கிவிட்டு வாய்கொப்பளிக்க அண்ணாந்த பலவேசத்தின் நெஞ்சிலிருந்து அந்தச் சங்கு ஊதியது.

முதலில் தூரத்து எருமை கத்துகிற மாதிரி அடியில் ஆரம்பித்து, மெல்ல மெல்ல ஏறி, உச்சியில் நின்று, பிறகு மனசில்லாமல் இறங்குகிற அதே பழைய சங்கு. நாற்பது விநாடி ஊதி முடித்தபோது பலவேசம் வாயிலிருந்த தண்ணீரை விழுங்கியிருந்தார். எதிரே டீக்கடைக் கோயில்பிச்சை, தலையைக்கூடத் தூக்காமல், முதல் பாலை அடுப்பில் வைத்தார். குழாயடியில் நின்ற பெண்கள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, நேரமாச்சு நேரமாச்சு என்று வீட்டுக்குப் போனார்கள். கம்பெனிக்குப் பூட்டுப்போட்டு நாலு வருஷம் ஆயிற்றே என்பது மத்தியானம் ரெண்டு மணிக்கு, மறுபடியும் பலவேசத்தின் நெஞ்சு ஊதியபோதுதான் ஊருக்கு நினைவு வந்தது. வந்தும் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. முப்பத்தோரு வருஷம் இவன் கம்பெனிக் காற்றை உள்ளே இழுத்தான், இப்போது கம்பெனி இவன் வழியாக மூச்சு விடுகிறது, இதில் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள்.

அது கூரைக்குப் போடுகிற சிமெண்டு ஷீட் செய்த கம்பெனி. சிமெண்டோடு சேர்க்க வெளிநாட்டிலிருந்து மூட்டை மூட்டையாக ஒரு நார் வரும். கல்லுக்குள்ளிருந்து உரித்தெடுக்கிற நார். படித்தவர்கள் கல்நார் என்பார்கள், ஏழாங்கல்லில் அதற்குப் பஞ்சு என்று பேர். பஞ்சு என்று பேர் வைத்தபிறகு யாருக்குப் பயம் வரும்? பலவேசம் இருபத்துநாலு வயசில் அந்தப் பஞ்சு ரூமில் சேர்ந்து, மூட்டையைக் கத்தியால் கிழித்துக் கையால் உதறிப் போடுகிற வேலையை ஐம்பத்தைந்து வயசுவரை பார்த்தவர். ஷிப்டு முடிந்து வெளியே வந்தால் புருவம், மூக்கு மயிர், காது மடல் எல்லாம் வெள்ளையாக, இருபத்துநாலு வயசிலேயே கிழவனாகத் தெரிவார். வெளியே வருகிறவனுக்கு சூப்பர்வைசர் எலுமிச்சம்பழ அளவு வெல்லம் கொடுப்பார். வெல்லம் தூசியைத் தொண்டையிலிருந்து வயிற்றுக்கு இறக்கிவிடும், வயிறு வெளியே தள்ளிவிடும், அவ்வளவுதான் என்பது ஏற்பாடு. கம்பெனியின் மேல் எத்தனையோ சந்தேகம் வந்த ஊருக்கு அந்த வெல்லத்தின் மேல் மட்டும் சந்தேகமே வரவில்லை.

ஒரு மாசத்துக்குள் ஊர் மறுபடி ஒழுங்குக்கு வந்தது. ஆறு மணிச் சங்குக்குப் பால், ரெண்டு மணிச் சங்குக்கு இரண்டாவது உலை, பத்து மணிச் சங்குக்கு விளக்கணைப்பு. பள்ளிக்கூடத்து ஜெபமணி டீச்சர் தன் கைக்கடிகாரத்தைப் பலவேசத்தை வைத்துத் திருத்திக்கொண்டாள். மினி பஸ் டிரைவர் ரெண்டு மணிச் சங்கு ஊதினால்தான் கியரைப் போட்டான். பஞ்சாயத்துத் தலைவர் சுதந்திர தினத்தன்று கொடியேற்றிய கையோடு பலவேசத்துக்குப் பொன்னாடை போர்த்தி, இனி இவர் ஊர்ச் சொத்து என்று மைக்கில் சொன்னார். சொத்தென்றால் அதற்கு வெளியூர் போக உரிமை கிடையாது என்பது மைக்கில் சொல்லாமலே எல்லோருக்கும் புரிந்தது. ஏற்கெனவே ஆடியில் சங்கரன்கோவில் தபசுத் திருவிழாவுக்குப் போகக் கிளம்பியவரை, ஊர் நேரம் தெரியாமல் திண்டாடும் என்று பஸ்ஸிலிருந்தே இறக்கிவிட்டார்கள்.

கல்யாண வீட்டுக்கு அவரைக் கூப்பிடவில்லை, சங்குச் சத்தம் மங்கலத்துக்கு ஆகாது. சாவு வீட்டுக்கும் கூப்பிடவில்லை, ஒரு சாவுக்கு ரெண்டு சங்கு ஊதினால் இன்னொன்று விழும். நல்லதுக்கும் ஆகாமல் கெட்டதுக்கும் ஆகாமல், ஊரே காதுகொடுத்துக் கேட்கிற மனிதர், ஒருவரும் வந்து உட்காராத வீட்டில், ஒரு சொம்பும் ஒரு தட்டும் ஒரு பாயுமாக இருந்தார். சத்தம் வருமுன் நெஞ்சுக்குள் ஒரு இறுக்கம் வரும்; சத்தம் போனபின் கொஞ்சம் ரத்தம் வரும். ரத்தத்தை அவர் துணியில் துடைத்து மடித்து வைத்துவிடுவார். ஊருக்குச் சத்தம்தானே தேவை.

இந்தத் தனிமை சங்கோடு வந்ததில்லை, அதை அவரே பதினாலு வருஷத்துக்கு முன்னால் கையால் செய்துகொண்டார். அவர் மனைவி இசக்கியம்மாள் கம்பெனிக்குள் ஒருநாளும் கால் வைத்தவளில்லை. அவள் செய்ததெல்லாம், முதல் நாள் உடுப்பை மறுநாள் காலையில் வாசலில் நின்று பட்பட்டென்று உதறி, கல்லில் அடித்துத் துவைத்ததுதான். அவளுக்கு இருமல் வந்து, இளைத்து, மூச்சுக்குத் தவித்தபோது கம்பெனி டாக்டர், யார் இருமினாலும் கேட்கிறபடி, பீடியைப் பற்றித்தான் கேட்டார். “ஒம்ம வீட்டுல பீடி குடிப்பாளோ?” என்று கேட்டுச் சிரித்தார். டவுன் ஆஸ்பத்திரியில், கடைசி வாரத்தில், ஒரு வயசான டாக்டர் மட்டும் பலவேசத்தை வராந்தாவுக்குக் கூட்டிப்போய், “உங்க உடுப்பைத் துவைக்கிறது யாரு?” என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் பலவேசத்துக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பஞ்சுத் தூசியைத் தன் சட்டையில் வைத்துக் கொண்டுவந்து பெண்டாட்டியைக் கொன்றது தானே என்று அவர் அன்றைக்கு முடிவுகட்டியதை இன்றுவரை யாரும் மாற்றவில்லை.

மகள் முப்பிடாதிக்கு அப்போது பன்னிரண்டு வயசு. ரெண்டு மணிச் சங்கு ஊதினால் எங்கிருந்தாலும் கம்பெனி கேட்டுக்கு ஓடிவந்து நிற்பாள். அப்பன் வெளியே வந்ததும் இடுப்பைக் கட்டிக்கொண்டு சட்டையில் முகத்தைப் புதைப்பாள். அவர் வெல்லத்தில் பாதியைத் தான் தின்று மீதியை அவள் வாயில் போடுவார். மேலே ஒட்டியிருக்கிற வெள்ளைப் பொடியைச் சீனி என்று நக்கித் தின்பாள். இசக்கியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அவளைத் திருப்பூரிலிருக்கிற மாமன் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். அழுதுகொண்டே கட்டிக்கொள்ள வந்தவளைக் கண்டு ரெண்டு அடி பின்னால் நகர்ந்தார். அதன்பிறகு அவளை வீட்டுப் படியேற விட்டதில்லை, பக்கத்தில் போனதுமில்லை. அவள் கல்யாணத்தன்றுகூடப் புதுவேட்டி கட்டி, மூன்று தடவை குளித்து, மண்டப வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றுதான் அட்சதை போட்டார். நெஞ்சில் சங்கு ஊதிய அதே தை மாசம் அவளுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. பேத்தியை அவர் போட்டோவில்தான் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணிக்கு மகள் போன் பண்ணுவாள். சங்கு விஷயத்தை அவர் அவளிடம் மூச்சுவிடவில்லை; பயந்துவிடுவாள், கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்துவிடுவாள். ரெண்டு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது, “தாயி, அடுப்புல பால் பொங்குது, வைக்கட்டா?” என்பார். அவர் வீட்டில் பால் வாங்கி வருஷக்கணக்காயிற்று. கொஞ்ச நாளாக அவள் முந்திக்கொண்டாள். “யப்பா, பிள்ளை அழுவுதா, வைக்கேன்” என்று சரியாக அந்த நேரத்துக்கு அவளே வைத்துவிடுவாள். பேத்தி நல்ல நேரம் பார்த்து அழுகிறாள் என்று பலவேசத்துக்கு உள்ளூரச் சந்தோஷம்.

புரட்டாசியில் ரத்தம் அதிகமாகி, துணி போதாமல் போனபோது, ஊருக்குத் தெரியாமல் தனியாகப் பஸ் ஏறி டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனார். ஒரு டாக்டரம்மா, அவர் மகள் வயசுதான் இருக்கும், எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுப் பீடியைப் பற்றிக் கேட்கவில்லை. “என்ன வேலை பாத்தீங்க?” என்று கேட்டாள். முப்பத்தோரு வருஷத்தில் ஒரு டாக்டர் அவரிடம் அதைக் கேட்டதில்லை. பஞ்சு ரூமைப் பற்றிச் சொல்லச் சொல்ல அவள் ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டாள். எழுதுகிற கையைப் பார்க்கப் பார்க்கப் பலவேசத்துக்கு அழுகை முட்டியது. நடுவில் ரெண்டு மணி ஆகி நெஞ்சு ஊதியது. டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு முழுசாகக் கேட்டாள்.

“நுரையீரல்ல கேன்சர் கட்டி. பஞ்சு ரூம்லேருந்து வந்ததுதான். ஒரு பக்கமா இருக்கு, இப்பவே எடுத்துட்டா பிழைச்சுக்கலாம். தள்ளிப்போட்டா எடுக்க முடியாது.”

“எடுத்துட்டா பச்சப்பிள்ளையத் தூக்கலாமாம்மா?”

“இப்பவே தூக்கலாமேய்யா. இது ஒட்டுற நோய் இல்லை.”

பலவேசம் தலையாட்டினார், நம்பவில்லை. இசக்கிக்கு ஒட்டினதை யார் போய் இந்த டாக்டர்ப் பிள்ளையிடம் சொல்ல? ஆனால் கட்டியை எடுத்துவிட்டால் தன் உடம்பிலிருக்கிற கம்பெனியின் கடைசிச் சொச்சமும் போய்விடும், பேத்தியை ஒருதடவை மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டார். அவருக்கு வேறு ஆசை எதுவும் மிச்சமில்லை.

செய்தி அவருக்கு முன்னால் ஊர்போய்ச் சேர்ந்திருந்தது. மூடிக்கிடந்த கம்பெனி கேட்டுக்கு முன்னால் கூட்டம் கூடியது.

“ஊருக்குன்னு இருக்கிறது இது ஒண்ணுதான்” என்றார் தலைவர்.

“அண்ணாச்சி, ஆப்பரேசன் வேண்டாம்னு நான் சொல்லுவேனா?” என்றார் கோயில்பிச்சை. “பிள்ளைகளுக்குக் காலாண்டுப் பரீட்ச நடக்குலா, அது முடியட்டும். பொறவு தீவாளி வருது, அதையும் பாத்துக்கிட்டு...”

“அதுக்கப்புறம் பொங்கல் வரும்” என்றார் பலவேசம்.

கூட்டம் கலைந்தபிறகு பஞ்சு ரூமில் அவரோடு எதிர் எதிரே நின்று மூட்டை கிழித்த சொரிமுத்து மட்டும் போகாமல் உட்கார்ந்திருந்தார். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

“வேய், ஒரு விசயம் சொல்லுதேன், கோவிச்சுக்கிடாதேரும். இது ஒம்ம நெஞ்சில ஊதுத வரைக்கும், சரி, எங்க நெஞ்சில ஊதலன்னு ஒரு தைரியத்துல கெடந்தோம். நீரு போயி இத எடுத்துட்டீருன்னா, நாளைக்குக் காலம்பற ஆறு மணிக்கு அவனவன் அவனவன் நெஞ்சத்தான பாக்கணும்?”

“பாருங்களேன்டே” என்றார் பலவேசம். “எப்பமோ பாத்திருக்கணும்.”

சொரிமுத்து எழுந்து வீட்டுக்குப் போனார். பிறகு, ஆஸ்பத்திரியில் துணைக்கு ஆள் வேண்டுமே என்று தன் வேட்டி துண்டை ஒரு பையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

மகளிடம் குடலிறக்கம் என்று பொய் சொன்னார். ஆப்பரேசனுக்கு முந்தின நாலு நாளும் வார்டில் நர்ஸுகள் அவர் சங்கைக் கேட்டுத்தான் டியூட்டி மாறினார்கள். ஐந்தாம் நாள் நெஞ்சைத் திறந்து, நெல்லிக்காய் அளவு கட்டி ஒன்றை எடுத்து, ஜாடியில் போட்டு, பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஜாடியில் அது ஊதவில்லை. ஊத மூச்சு வேண்டுமே.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, ஏழாங்கல்லில் மட்டுமில்லை, டவுனிலும் சங்கு இல்லை. அதுவும் ஊருக்கு முன்கூட்டியே தெரிந்ததுதான். ஆனாலும் எல்லோரும் ஐந்தே முக்காலுக்கே விழித்துக்கொண்டார்கள். கோயில்பிச்சை பால் சட்டியைக் கையில் வைத்தபடி நின்றார். பஞ்சு ரூம் ஆட்களும், சிமெண்டு கலக்கின ஆட்களும், ஷீட்டை அறுத்த ஆட்களும், அவர்கள் உடுப்பைத் துவைத்த பெண்களும், வீட்டு வாசலுக்கு வந்து, வலது கையை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். ஆறு ஐந்துவரை ஒருவருக்கும் ஒன்றும் ஊதவில்லை. அன்று ஒன்பது மணி மினி பஸ்ஸில் டவுன் ஆஸ்பத்திரிக்குப் பதினேழு பேர் போனார்கள், ஆளுக்கொரு பொய்க்காரணம் சொல்லிக்கொண்டு.

கார்த்திகையில் தையல் ஆறியது. ஊர் அவரைத் தடுக்கவில்லை, இப்போது அவர் யாருடைய சொத்துமில்லை. மூன்று தடவை குளித்தார், புதுச்சட்டை போட்டார், கோயில்பிச்சையிடம் பேத்திக்கென்று ஒரு அச்சு வெல்லம் வாங்கித் தாளில் சுற்றிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு திருப்பூர் பஸ் ஏறினார். வழியெல்லாம் நெஞ்சு அமைதியாக இருந்தது. அந்த அமைதி பழக்கமில்லாமல், தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார்.

மருமகன் பனியன் கம்பெனிக்குப் போயிருந்தான். ஒற்றை அறை வீடு, அதில் பாதியை அடுப்பு எடுத்துக்கொண்டது. கதவைத் திறந்த முப்பிடாதி அப்பாவைக் கண்டு, “வாங்கப்பா” என்று சொல்லிவிட்டு, பழைய ஞாபகத்தில் தானாகவே ரெண்டு அடி தள்ளி நின்றாள். இளைத்துப்போயிருந்தாள். பால் கொடுக்கிறவள் அப்படித்தான் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். பாயில் உட்கார்ந்து, கையை நீட்டி, அவள் கொடுத்த பேத்தியை வாங்கி மடியில் வைத்தார். பத்து மாசப் பிள்ளை புதுமுகம் பார்த்து அழவில்லை, அவர் மீசையைப் பிடித்து இழுத்தது. அதன் தலையில் எண்ணெய் வாசமும் பால் வாசமும் அடித்தது. பக்கத்தில் வெள்ளிச் சங்கு ஒன்று பால் ஒட்டியபடி கிடந்தது. ஐம்பத்தொன்பது வயசில் தனக்கு இவ்வளவு சந்தோஷம் எழுதியிருந்ததா என்று நினைத்தார். கண்ணீர் வந்ததை மறைக்கவில்லை.

சாப்பாடு ஆயிற்று. முப்பிடாதி அடிக்கடி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“யப்பா, முக்குக் கடையில போயி ஒரு பால் பாக்கெட்டு வாங்கிட்டு வாரீங்களா?”

“இவள எறக்கி வச்சுட்டா? போ தாயி, பொறவு வாங்கிக்கிடலாம்.”

“இப்பமே போங்களேன். நான் இவள வச்சிருக்கேன்.”

“இரு தாயி, இப்பந்தான கைக்கே வந்திருக்கா.”

அவள் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள். அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு, சேலை முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்தாள். ரெண்டு அடித்தது.

தூரத்து எருமை கத்துகிற மாதிரி அடியில் ஆரம்பித்தது. பலவேசத்தின் கை முதலில் தன் நெஞ்சுக்குத்தான் போனது. அங்கே தையல் தடம் மட்டும் இருந்தது. சங்கு மெல்ல மெல்ல ஏறி, உச்சியில் நின்றது. முதுகு காட்டி நின்ற மகளின் தோள் ரெண்டும் அதோடு ஏறி அதோடு நின்றன. மடியிலிருந்த பிள்ளை பயப்படவில்லை, தினமும் கேட்கிற சத்தம்தான் என்று கையைத் தட்டிக்கொண்டு அம்மாவைப் பார்த்துச் சிரித்தது. நாற்பது விநாடி முடிந்து, சங்கு மனசில்லாமல் இறங்கியது.

“எப்பமிருந்து?” என்றார்.

“ஆனி மாசத்துலேருந்துப்பா.” அவள் திரும்பவில்லை. “பயப்படாதீங்க.”

“அப்பம் ஞாயித்துக்கெழம பிள்ளை அழுவுதுன்னது?”

“அவ எங்க அழுதா? ஒங்களுக்குக் கேட்டுரக் கூடாதுன்னு வச்சிருவேன்.” முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள், துடைத்த இடம் சிவந்திருந்தது. அதை மடித்து உள்ளே வைத்துக்கொண்டாள், அவர் மடித்து வைப்பது போலவே. “யப்பா, வெல்லம் இருக்கா? வெல்லம் தின்னா எறங்கிரும்லா.”

பலவேசம் பாக்கெட்டில் கையை விட்டார். தாளுக்குள் வெல்லம் இருந்தது. அதை இறுக்கிப் பிடித்தார், வெளியே எடுக்கவில்லை.

“எறங்காது தாயி. அது எறங்கவே எறங்காது. நமக்குச் சொன்னது பொய்.” அவர் குரல் அந்தச் சின்ன அறைக்குப் பெரிதாக இருந்தது. “நாளைக்கே பொறப்படு. பிள்ளையையும் தூக்கிக்க. அந்த டாக்டரம்மா நல்லவ. மொதல்ல என்ன வேலை பாத்தேன்னு கேப்பா.”

“நான் எங்கப்பா வேலை பாத்தேன்?”

“கேட்டுல நின்னேல்லா, அப்பன் வாரானான்னு. அதான் தாயி நீ பாத்த வேலை. நான் சொல்லிக்கிடுதேன்.”

அப்போதுதான் அவள் திரும்பினாள். ஓடிவந்து, பாயில் மண்டியிட்டு, பிள்ளையோடு சேர்த்து அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு, சட்டையில் முகத்தைப் புதைத்தாள். பதினாலு வருஷத்தில் முதல் தடவையாகப் பலவேசம் பின்னால் நகரவில்லை.